கோத்தகிரியில் இரண்டு நாள்

சுசீந்திரம்,
6.1.2025

அன்புத் தங்கை சுஜாவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். முட்டுவலி எப்படி இருக்கிறது? இந்த மார்கழிப் பனியில் காலையில் பஸ்ஸுக்கு நிற்காதே, ஆட்டோ வைத்துக்கொள். உன் மதினி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். பிரியா அந்தப் பக்கம் வரும்போது கொடுத்து விடுகிறோம்.

சுசீந்திரத்தில் இருக்கிற அண்ணன் தக்கலையில் இருக்கிற தங்கைக்குத் தபால் போடுகிறான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். என்ன செய்ய? நீ என் போனை எடுப்பதில்லை. நேரில் பார்த்தாலும் வாய் திறப்பதில்லை. அம்மா கடைசிப் படுக்கையில் "பேசாட்டாலும் ரெண்டு வரி எழுதிக்கிடு மக்கா" என்று உன்னிடம் சத்தியம் வாங்கியதால் இந்த அளவாவது ஓடுகிறது. பழைய சங்கதியை நான் கிளறவில்லை. இப்போது வந்திருப்பது வேறு தலைவலி.

பிரியா ஒரு பையனைப் பிடித்து வைத்திருக்கிறாள். தோவாளைக்காரன், பெயர் சஜின். பூச்சந்தையில் அவன் அப்பாவுக்குக் கடை. இவன் எம்.பி.ஏ. படித்துவிட்டு அதே கடையில் பிச்சியும் மல்லியும் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். நம்ம ஆட்கள் இல்லை. அதற்கு மேல் உனக்கு விளக்க வேண்டாம். வட்டக்கோட்டையில் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததாக ஒருத்தர் நம்ம கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். உர மூட்டைகளுக்கு நடுவில் நின்று அதைக் கேட்டேன். கேட்டபோது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

அவளிடம் கத்திப் பார்த்தேன். உன் மதினி அழுது பார்த்தாள். "எனக்கு இருபத்தஞ்சு வயசாச்சுப்பா" என்கிறாள். அவள் கேட்பது உன் பேச்சை மட்டும்தான். அதனால் ஒரு காரியம் செய். அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் கோத்தகிரிக்குப் போய் வா. அமைதியான ஊர், கூட்டம் கிடையாது. உரக் கம்பெனிக் கூட்டத்துக்குப் போனபோது நான் தங்கிய விடுதி ஒன்று இருக்கிறது, சொல்லி வைக்கிறேன். மலைக்காற்றில் மனசு தெளியும். நீ பக்கத்தில் இருந்து நயமாக எடுத்துச் சொல். அந்த இரண்டு நாளில் இங்கே செய்ய வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னைவிட நல்ல உதாரணம் அவளுக்கு யார்? அன்றைக்கு நான் தடுத்ததால் நீ என்ன கெட்டுப் போனாய்? தாலுகா ஆபீசில் உத்தியோகம், சொந்த வீடு, யாருக்கும் பணிய வேண்டாத வாழ்க்கை. அதை அவளுக்குச் சொல்.

உன் அன்பு அண்ணன்,
ஸ்ரீனிவாசன்


தக்கலை,
10.1.2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. முட்டுவலி இருக்கிறது. மதினியிடம் ஊறுகாய்க்கு நன்றி சொல்லவும்.

கோத்தகிரிக்குப் போகிறேன். ஊரை நீங்களே தேர்ந்தெடுத்தது நல்லது. குடியரசு தினத்தை ஒட்டிய சனி, ஞாயிறு எனக்கு வசதிப்படும். திங்களன்று லீவு போட்டுக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை நாகர்கோவிலிலிருந்து கோயம்புத்தூர் ரயிலில் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்துவிடுங்கள். பிரியாவை நீங்களே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து ரயிலில் ஏற்றிவிடுங்கள். அப்போதுதான் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும்.

நான் சொல்லி அவள் கேட்பாளா என்று தெரியாது. அவளிடம் என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்கிறேன்.

சுஜா


சுசீந்திரம்,
17.1.2025

அன்புத் தங்கை சுஜாவுக்கு,

உன் பதிலைப் படித்ததும் உன் மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சு இளகிவிட்டது. எத்தனை வருஷ வருத்தம் இருந்தாலும் குடும்ப மானம் என்று வரும்போது ரத்தம் ரத்தம்தான். பொங்கலுக்குப் பிரியாவிடம் கொடுத்துவிட்ட சேலை பிடித்ததா? அந்த மாம்பழ நிறம் உனக்கு எடுக்கும் என்று உன் மதினிதான் சொன்னாள்.

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இரண்டும் கீழ்ப் படுக்கை. மாத்திரையை மறக்காதே, கம்பளி எடுத்துக்கொள், தை மாதம் அங்கே புல் மேல் பனி உறைந்து கிடக்கும்.

பிரியா மறுபேச்சுப் பேசாமல் கிளம்பச் சம்மதித்தது எனக்கே ஆச்சரியம். "அத்தை கூடன்னா போறேன்" என்றாள். பார்த்தாயா?

இங்கே நான் செய்யப் போவதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் நம்ம ஆட்களோடு இரண்டு காரில் தோவாளைக்குப் போகிறேன். நம்ம கடை ஞானமும் வருகிறான். அடிதடி எல்லாம் கிடையாது. அந்தப் பையனின் அப்பா அம்மாவை உட்கார வைத்து, பிரியாவே மனசு மாறி வேண்டாம் என்று சொல்லித்தான் ஊரைவிட்டுப் போயிருக்கிறாள் என்று சொல்லப் போகிறேன். அந்தப் பையனுக்கும் ரோஷம் இருக்கும் அல்லவா? தானாக ஒதுங்கிவிடுவான். நீங்கள் திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அவளிடம் இதைக் காட்டிக்கொள்ளாதே.

உன் அன்பு அண்ணன்,
ஸ்ரீனிவாசன்


கோத்தகிரி,
25.1.2025, சனிக்கிழமை

அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி நான் எழுதிவிட வேண்டும்.

நேற்று மாலை நாகர்கோவில் ஸ்டேஷனில் நீங்கள் பிரியாவின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். ரசகதலிப் பழம் ஒரு சீப்பு வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தீர்கள். "அத்தை சொல்லுகதைக் கேளு மக்கா" என்று அவளிடம் சொன்னீர்கள். ரயில் நகரும்வரை நின்றீர்கள். ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளைத் தாண்டும்போது அவளிடம் கடைசியாக ஒரு முறை கேட்டேன். "ஏட்டி, நல்லா யோசிச்சியா? இப்பவும் வேண்டாம்னு தோணினா சொல்லு. என் கூட மலைக்கு வா. ரெண்டு நாள் இருந்துட்டு வருவோம். உங்க அப்பாவுக்காகவும் சொல்லாதே, எனக்காகவும் சொல்லாதே." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இறங்குகேன் அத்தே" என்றாள். வள்ளியூரில் சஜினும் அவன் அம்மாவும் காரோடு நின்றிருந்தார்கள். நீங்கள் தூக்கி வைத்த பையை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். பொங்கலுக்கு நீங்கள் எனக்கு எடுத்த மாம்பழ நிறச் சேலையும் அதில்தான் இருக்கிறது. அவளுக்கு இன்னும் நன்றாக எடுக்கும்.

அதன் பிறகு நான் தனியாக வந்தேன். எதிர்ப் படுக்கை காலியாகவே வந்தது. மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி, மதியத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டேன். நீங்கள் சொல்லி வைத்த விடுதிக்குப் போகவில்லை. கடைத்தெருவுக்கு மேலே ஒரு சின்ன விடுதியில் அறை கேட்டேன். வரவேற்பில் இருந்தவர் என் பின்னால் எட்டிப் பார்த்து, "கூட யாரும் வரலைங்களா?" என்றார். "வரலை" என்றேன். "ஒருத்தருக்குத்தானா?" என்று திரும்பவும் கேட்டார். "ஒருத்தருக்குத்தான்" என்றேன். நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக ஓர் அறையை என் பெயருக்கு மட்டும் எடுத்தேன். சாவியைக் கையில் வாங்கியபோது சிரிப்பு வந்தது.

ஒரு பேக்கரியில் சூடான வர்க்கியும் டீயும் வாங்கிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தேன். எதிரே தேயிலைச் சரிவு. உங்கள் கார்கள் தோவாளைக்குள் நுழைவதை உட்கார்ந்த இடத்திலேயே மனசில் பார்த்தேன். நீங்கள் இறங்குவதையும், வேட்டியைச் சரிசெய்வதையும், கல்யாணப் பந்தலைப் பார்ப்பதையும் பார்த்தேன். இன்னொரு டீ வாங்கினேன். அண்ணா, இவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததே இல்லை.

ஏன் என்று கேட்பீர்கள். கோத்தகிரி என்று உங்கள் கையால் எழுதினீர்களே, அப்போது ஒன்றுமே தோன்றவில்லையா?

இரண்டாயிரமாவது வருஷம். தாலுகா ஆபீஸ் வேலை கிடைக்கும் முன், நான் தக்கலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கே கணக்கு எடுத்த ஜான்ரோஸைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று உங்களிடம் வந்து நானே சொன்னேன். ஒளிக்கவில்லை. ஓடவில்லை. நீங்கள் கோபப்படக்கூட இல்லை. "உன் மதினி கூட ரெண்டு நாள் கோத்தகிரிக்குப் போயிட்டு வா மக்கா, மனசு தெளியும். பிறகும் அவன்தான்னு சொன்னா நானே முன்னால நின்னு நடத்துகேன்" என்றீர்கள். நான் நம்பினேன். பிரியா அப்போது கைக்குழந்தை. இந்த ஊர்க் குளிரில் அவளை என் சேலைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு யாரையெல்லாம் கூப்பிடலாம் என்று மதினியிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு நாளில் நீங்கள் கருங்கல் ஊரில் அவர் வீட்டுக்குப் போனீர்கள். ஆட்களோடுதான். நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டதாக அவர் அம்மா முன்னால் சொன்னீர்கள். நான் திரும்பி வந்து அந்த வீட்டு வாசலில் நின்றபோது அந்த அம்மா கதவைப் பாதிதான் திறந்தார்கள். "அவன் வேலையை விட்டுட்டுப் போயிட்டான் மக்கா. நீதானே வேண்டாம்னு சொல்லி அனுப்பினே. இனி எதுக்கு வந்தே?" என்றார்கள். ஷார்ஜாவுக்குப் போனவர் எந்த நாளும் எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

அன்று நிறுத்தினேன் உங்களோடு பேச்சை. காத்திருந்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் அதே ஊரையும், அதே இரண்டு நாளையும், அதே பொய்யையும் பார்த்தபோது, என் கைக்கு நீங்களே கத்தியைக் கொடுத்துவிட்டீர்கள் என்று புரிந்தது.

திங்கட்கிழமை வருவேன். நாளை கோடநாடு வரை போய் மலையின் விளிம்பைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

சுஜா


சுசீந்திரம்,
30.1.2025

சுஜாவுக்கு,

நீ ஒரு பெண்ணா? உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என்னவெல்லாம் நடந்தது என்று தெரிந்துகொள். தெரிந்து சந்தோஷப்படு. தோவாளையில் அந்தத் தெருவுக்குள் கார் போக முடியவில்லை. வாழைமரம் கட்டி, பந்தல் போட்டு, பூக்காரர்கள் வீடு அல்லவா, தெரு முழுக்கத் தோரணம். யாரோ வீட்டு விசேஷம் என்று நினைத்து ஒரு ஆளை நிறுத்தி, "இங்க என்னவே விசேஷம்?" என்று கேட்டேன். அவன் என் கையைப் பிடித்து, "கல்யாணம் சார், இப்பத்தான் அய்யா நிழல் தாங்கல் கோயில்ல தாலி கட்டிட்டு வந்தாவோ. வாங்க, சாப்பிட்டுட்டுப் போவலாம்" என்றான். உள்ளே எட்டிப் பார்க்கிறேன், அந்த மாம்பழச் சேலையில் என் மகள் இலை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எடுத்த சேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "அப்பா, வாங்க" என்றாள். அவ்வளவு பேர் முன்னால், ஒன்றும் நடக்காதது போல, "வாங்க" என்றாள். திரும்பி நடந்தேன். காருக்கு வந்து பார்த்தால் ஞானத்தைக் காணவில்லை. பந்தியில் உட்கார்ந்து பிரதமன் பாயசத்துக்கு அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தான். பக்கபலமாகக் கூட்டிக்கொண்டு போன ஆள்!

கோயில் கமிட்டியில் என் முன்னால் யாரும் பேசுவதில்லை. நான் எழுந்து போனதும் பேசுகிறார்கள். கடைக்கு வருகிறவன் யூரியா கேட்கும் முன் மகள் கல்யாணத்தைக் கேட்கிறான்.

உன் ஆத்திரத்தை என்னிடம் காட்டியிருக்கலாம். என் பிள்ளையை ஏன் எடுத்தாய்? உனக்கென்று ஒரு பிள்ளை இருந்தால் இது தெரியும். கோத்தகிரி, ஜான்ரோஸ் என்று என்னென்னவோ எழுதியிருக்கிறாய். எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய கதையைச் சொல்லி இன்றைக்கு நீ செய்த துரோகத்தை மறைக்காதே.

எனக்கு மகளும் இல்லை, தங்கையும் இல்லை.

ஸ்ரீனிவாசன்


தக்கலை,
8.2.2025

அண்ணனுக்கு,

எனக்கென்று ஒரு பிள்ளை இருந்தால் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும்போது கை நின்றிருக்க வேண்டாமா? ஏன் இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா?

தோவாளையில் நடந்ததை வரி வரியாக எழுதியதற்கு நன்றி. ஞானம் பந்தியில் உட்கார்ந்ததைப் பிரியா என்னிடம் சொல்லவில்லை. அந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள் என்கிறீர்கள். என்னையும் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில். "ஏன் இன்னும் கட்டலை? எதாவது குறையா?" என்று. முடி நரைக்கத் தொடங்கிய பிறகுதான் விட்டார்கள். உங்களையும் ஒரு நாள் விடுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளையை நான் எடுக்கவில்லை. அவளிடம் கேட்டேன். ரயிலில் ஏறும் முன் கேட்டேன், ஏறிய பின்னும் கேட்டேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரியாவும் சஜினும் இங்கே வந்திருந்தார்கள். அவன் ஒரு கூடை நிறைய வாடாமல்லியும் அரளியும் கொண்டுவந்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றான். நல்ல பையன். அவன் முற்றத்துக்குப் போன நேரம் பிரியா கேட்டாள், "அத்தே, நீங்க எனக்காகவா பண்ணினீங்க, அப்பா மேல உள்ள கோவத்துலயா?" மதினி அவளிடம் பழையதெல்லாம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. "ரெண்டுக்கும்தான் மக்கா. நீ வேண்டாம்னு சொல்லியிருந்தா உன்னை இறக்கி விட்டிருக்க மாட்டேன். ஆனா நீ இறங்கினப்போ எனக்கு வந்த சந்தோஷத்துல உங்க அப்பா முகமும் இருந்துது" என்றேன்.

அவள் அந்தப் பூக்கூடையை எடுத்துத் திண்ணையில் வைத்தாள். பிறகு, "அப்போ எங்க கல்யாணத்தை நெனைச்சா உங்களுக்கு அப்பா ஞாபகம்தான் வருமா?" என்றாள். நான் எழுந்து போய் டீ போட்டேன். போகும்போது கட்டிப்பிடித்துவிட்டுத்தான் போனாள். ஆனாலும் அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று எப்போதும் சொல்வாளே, அதைச் சொல்லவில்லை.

அது என் பாடு. உங்களுக்கு எழுதுவது, நான் செய்ததில் எனக்குக் கடுகளவும் வருத்தம் இல்லை என்பதைச் சொல்லத்தான்.

சுஜா


சுசீந்திரம்,
3.4.2025

சுஜாவுக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உன் மதினி என்னோடு பேசுவதில்லை. உன் கடிதத்தை நான் கிழித்துப் போட்டதை ஒட்டி வைத்துப் படித்திருக்கிறாள். அன்றிலிருந்து சோறு வைப்பாள், துணி துவைப்பாள், மாத்திரையை எடுத்துத் தருவாள். பேச்சு மட்டும் கிடையாது. ஒரு நாள் நான் கத்தினபோது ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "அன்னைக்குக் கைப்பிள்ளையைத் தந்து என்னையும் சேத்துத்தானே ஏமாத்தி அனுப்பினீங்கோ" என்றாள்.

சுஜா, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு அது நினைவில்லை. உன்னையும் இவளையும் எங்கேயோ மலைக்கு அனுப்பியது மங்கலாக வருகிறது. அது கோத்தகிரிதானா என்று கேட்டால் தெரியாது. கருங்கலில் ஒரு வீட்டுக்குப் போனது நினைவிருக்கிறது. வாசலில் பெரிய அயனிப் பலா மரம், யாரோ மோர் கொண்டுவந்து தந்தார்கள். அங்கே நான் என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அப்போது கடை தொடங்கிய புதுசு, அப்பா படுக்கையில், ஒரு நாளைக்கு நூறு இடத்தில் நூறு பேச்சு. அதில் இதுவும் ஒன்று. நான் அப்படிச் சொன்னதாக நீ சொல்கிறாய், இவளும் சொல்கிறாள். சொல்லியிருக்கலாம்.

பிரியா போன் எடுப்பதில்லை. நீ கற்றுக்கொடுத்ததா? அவள் வேலைக்குப் போகும் பஸ் தேரேகால்புதூர் வழியாகத்தான் போகும் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் காலையில் அந்த நிறுத்தத்தில் போய் நின்றேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காதது போல இருந்தாளா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு மகள் இல்லை என்று நான் எழுதியது ஆத்திரத்தில். அவளிடம் ஒரு வார்த்தை சொல். வீட்டுக்கு வரச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

அண்ணன்


தக்கலை,
12.4.2025

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ஆபீசில் பட்டா மேளா. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலும் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். நினைவில்லை என்ற இடத்தைத்தான்.

இத்தனை வருஷமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. நீங்கள் செய்ததை மறக்க முடியாமல் உள்ளுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வீறாப்பாக இருக்கிறீர்கள் என்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் சேலை வரும்போது அது குற்ற உணர்ச்சியில் வருகிறது என்று நினைத்தேன். கட்டாமல் மடித்து வைத்தேன். ஸ்டேஷனில் உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுகூட, உங்களுக்குச் சுரீர் என்று இருக்கும் என்று நம்பினேன். உங்களுக்கு அது நூறில் ஒரு பேச்சு. மோர் நினைவிருக்கிறது. மரம் நினைவிருக்கிறது.

நீங்கள் மறுத்திருந்தால் எனக்கு இன்னும் பத்து வருஷத்துக்குக் கோபப்படத் தெம்பு இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், அதிலும் ஒரு திருப்தி இருந்திருக்கும். நினைவில்லை என்கிற ஆளை நான் என்ன செய்வது? உங்களுக்கு வலிக்கிறது என்பது தெரிகிறது. ஆனால் அது பிரியா போன வலி. என்னுடையது உங்களை வந்து தொடவே இல்லை. இனித் தொடப் போவதும் இல்லை.

அன்றிரவு நன்றாகச் சாப்பிட்டேன். ஏன் என்று தெரியவில்லை, நல்ல பசி.

பிரியாவுக்குப் போன் எடுக்காமல் இருக்க நான் கற்றுக்கொடுக்கவில்லை. வீட்டுக்கு வா என்று அவளிடம் நான் சொல்லவும் மாட்டேன். உங்கள் பேச்சை இன்னொருத்தர் வாயில் வைத்து அனுப்பும் வேலை நம் குடும்பத்தில் போதும். அவள் பூசினாற்போல் இருப்பதன் காரணத்தை அவளே சொல்லட்டும், அல்லது சொல்லாமல் இருக்கட்டும். அது அவள் விருப்பம்.

நான் உங்களை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை. ஆனால் உங்களை நினைத்துக்கொண்டிருப்பதை நிறுத்திக்கொள்கிறேன். சித்திரை லீவில் வாகமண் மலைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே எனக்கு யாரோடும் எந்தக் கணக்கும் இல்லை.

பிரியாவிடம் சொல்ல வேண்டியதை நீங்களே போய்ச் சொல்லுங்கள். தோவாளை வழி தெரியும். கார் வேண்டாம், ஆள் வேண்டாம், இந்த முறை தனியாகப் போங்கள்.

எனக்கு இனி எழுத வேண்டாம்.

சுஜாதா